கேட்டுக்கு வெளியே யார் பொறுப்பு? தாம்பரத்திலிருந்து ஒரு வளாகப் பாதுகாப்பு வரலாறு



2022 அக்டோபர் மூன்றாம் வாரம். பெரும்பாக்கம் வாரியக் குடியிருப்பில் நாங்கள் நடத்தும் மாலை வகுப்புக்கு ஒரு பெண் நான்கு நாட்களாக வரவில்லை. பி.காம் இரண்டாம் ஆண்டு படிப்பவள். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருவாள். வீடு தேடிப் போனேன். ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. கதவைத் திறந்தது அவளுடைய ஆயா.

"அவள காலேஜுக்கு அனுப்பல பாப்பா. பரங்கிமலை ஸ்டேஷன் வழியாத்தான் டெய்லி போறா. படிப்பு வேணாம், உசுரு இருந்தா போதும்."

அந்த வாரம்தான், அக்டோபர் 13ஆம் தேதி, பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி மின்சார ரயில் முன் தள்ளிக் கொல்லப்பட்டிருந்தார். ஊரே அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஆயாவின் பயம் பொய்யல்ல. அதற்கு என்னிடம் பதிலும் இல்லை. உள்ளே நின்றிருந்த அந்தப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவன் தள்ளுனதுக்கு நான் ஏன்க்கா வூட்ல இருக்கணும்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கானது. பதிலைத் தேட வரலாற்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் ஒவ்வொரு மாணவர் கொலைக்குப் பிறகும் அரசும் கல்லூரிகளும் ஏதோ ஒன்றைச் செய்திருக்கின்றன. சட்டம் போட்டிருக்கின்றன, மதில் எழுப்பியிருக்கின்றன, கல்லூரியையே ஊருக்கு வெளியே தூக்கிக்கொண்டும் போயிருக்கின்றன. அவற்றில் எது யாரைக் காப்பாற்றியது, யாரைக் கணக்கில் எடுக்காமல் விட்டது என்று வரிசையாகப் பார்ப்போம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்மைச் சம்பவங்களில் கொல்லப்பட்ட பெண்களின் பெயர்களை இங்கே எழுதவில்லை. அந்தப் பெயர்களும் படங்களும் தொலைக்காட்சியில் போதுமான அளவு விற்றுத் தீர்ந்துவிட்டன.

தண்டவாளமும் கல்லூரியும்

கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். ஆறு ஆண்டுகள் கழித்து, 1937இல், ஜார்ஜ் டவுனில் இருந்த சென்னை கிறிஸ்தவக் கல்லூரி தாம்பரத்துக்கு இடம் பெயர்ந்தது. சேலையூர்க் காட்டை ஒட்டி முந்நூறு ஏக்கருக்கு மேல் பரந்த நிலம். வகுப்பறை, விடுதி, விளையாட்டுத் திடல், ஆசிரியர் வீடுகள் எல்லாம் ஒரே வளாகத்துக்குள். நகரத்தின் நெரிசலிலிருந்து விலகி, மாணவரும் ஆசிரியரும் ஒன்றாக வாழும் இடம் என்பதே 'வளாகம்' என்பதற்கு அன்று இருந்த பொருள்.

அந்த வளாகத்தைச் சுற்றியிருந்த மாவட்டத்தின் கதை வேறு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியர் ட்ரெமென்கீர், பறையர் மக்கள் நிலமின்றி, மனைக்கட்டுக்கூட உரிமையின்றி இருக்கும் நிலையை 1891இல் அறிக்கையாக அரசுக்கு எழுதினார். நாம் இன்றும் மீட்கப் போராடிக்கொண்டிருக்கும் பஞ்சமி நிலங்களுக்கு வழிவகுத்த அறிக்கை அது. மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து விளையாடவும் அஞ்சிய தன் அனுபவத்தைப் பதிவு செய்திருக்கிறார். நம் மக்களுக்குக் கல்விக்கூடம் என்பது எந்தக் காலத்திலும் தானாகவே பாதுகாப்பான இடமாக இருந்ததில்லை. இதை மறந்துவிட்டு வளாகப் பாதுகாப்பின் வரலாற்றை எழுத முடியாது.

இன்று தென்சென்னைப் புறநகரில் படிக்கும் நம் பிள்ளைகளில் பெரும்பாலோர் வளாகத்துக்குள் வாழ்பவர்கள் அல்ல. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் குடியிருப்புகளிலிருந்தும், கூடுவாஞ்சேரி, மறைமலைநகரைத் தாண்டிய கிராமங்களிலிருந்தும் தினமும் வந்து போகிறவர்கள். கூவம், அடையாற்றின் கரைகளிலிருந்து பெயர்த்தெடுத்து நம்மை இந்த ஓரத்தில் கொண்டுவந்து போட்டார்கள். கல்லூரி நகரத்திலேயே நின்றுவிட்டது. நடுவில் இருக்கும் தூரத்தைப் பேருந்திலும் மின்சார ரயிலிலும் கடப்பதுதான் நம் பிள்ளைகளின் மாணவ வாழ்க்கை.

1996: சட்டத்தைக் கொண்டுவந்த மரணம்

தமிழ்நாட்டில் 'வளாகக் கொலை' என்றதும் மூத்தவர்களுக்கு நினைவு வருவது நாவரசு வழக்கு. 1996 நவம்பர் 6ஆம் தேதி, சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழக வளாகத்திலுள்ள ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாமாண்டு மாணவர் பொன். நாவரசு கொல்லப்பட்டார். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த பொன்னுசாமியின் மகன். ராகிங் செய்த சீனியர் மாணவர் ஜான் டேவிட் குற்றவாளி. தலை பல்கலைக்கழக வளாகத்து நீர்நிலையில் கிடைத்தது. உடலின் ஒரு பகுதி சூட்கேசில் வைக்கப்பட்டு, சென்னை மாநகரப் பேருந்து ஒன்றில் கண்டெடுக்கப்பட்டது. அது 21ஜி தடம். தாம்பரத்தையும் பாரிமுனையையும் இணைக்கும் வண்டி. நாம் தினமும் ஏறுகிற வண்டி.

வழக்கு பதினைந்து ஆண்டுகள் நடந்தது. கடலூர் நீதிமன்றம் 1998 மார்ச்சில் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. உயர் நீதிமன்றம் 2001இல் விடுதலை செய்தது. உச்ச நீதிமன்றம் 2011 ஏப்ரல் 20 அன்று அந்த விடுதலையை ரத்து செய்து தண்டனையை உறுதி செய்தது. ஆனால் சட்டம் அவ்வளவு காலம் காத்திருக்கவில்லை. கொலை நடந்து ஆறே வாரத்தில், அதே ஆண்டு டிசம்பரில், தமிழ்நாடு அரசு ராகிங் தடை அவசரச் சட்டம் கொண்டுவந்தது. 1997இல் அது முழுச் சட்டமானது. ராகிங் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. குற்றம் உறுதியானால் கல்லூரியிலிருந்து நீக்கம், வேறு கல்லூரியிலும் சேர முடியாது. புகார் வந்தும் கல்லூரித் தலைவர் நடவடிக்கை எடுக்காவிட்டால், அவரே குற்றத்துக்கு உடந்தையாகக் கருதப்படுவார்.

இந்தக் கடைசிப் பிரிவைக் கவனியுங்கள். 'எங்களுக்குத் தெரியாது' என்று நிர்வாகம் கைகழுவ முடியாது என்று ஒரு சட்டம் சொன்னது. இன்னொன்றும் அதில் உண்டு. கல்வி நிலையத்துக்கு 'உள்ளேயோ வெளியேயோ' ராகிங் தடை செய்யப்படுகிறது என்று அது எழுதியது. 2009 மார்ச்சில் இமாச்சலப் பிரதேச மருத்துவக் கல்லூரி ஒன்றில் அமன் கச்ரு என்ற மாணவர் ராகிங்கில் இறந்த பிறகு, பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுவதற்கும் விதிமுறை வகுத்தது. அது இன்னும் ஒரு படி மேலே போய், மாணவர்கள் படிப்புக்காகப் பயன்படுத்தும் பொதுப் போக்குவரத்தையும் தனியார் போக்குவரத்தையும் தன் எல்லைக்குள் கொண்டுவந்தது.

நாவரசுவின் மரணத்தை யாருடைய மரணத்தோடும் தராசில் வைக்க நான் விரும்பவில்லை. ஒரு தகப்பனின் இழப்பு இழப்புதான். ஆனால் ஒரு அரசு மனம் வைத்தால் ஆறு வாரத்தில் சட்டம் வரும், அதுவும் நிர்வாகத்தையே கூண்டில் ஏற்றும் சட்டம் வரும் என்பதற்கு இந்த வழக்கு சாட்சி. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

1998: வீதிக்கு வந்த சட்டம்

அடுத்தது சரிகா ஷா. எத்திராஜ் கல்லூரி மாணவி. 1998 ஜூலையில் கல்லூரிக்கு அருகே ஆட்டோவில் வந்த கும்பல் செய்த அத்துமீறலில் கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்தார். அந்த ஆண்டே பெண்களைக் கேலி செய்வதற்கு எதிரான தனிச் சட்டத்தைத் தமிழ்நாடு கொண்டுவந்தது. 'ஈவ் டீசிங்' என்ற விளையாட்டுத்தனமான சொல்லோடு வந்த அந்தச் சட்டம், சில ஆண்டுகளில் பெண்கள் துன்புறுத்தல் தடைச் சட்டம் என்று பெயர் மாறியது. கல்வி நிலையம், பேருந்து நிறுத்தம், ரயில் நிலையம் போன்ற இடங்களெல்லாம் அதன் எல்லைக்குள் வந்தன. 2025 ஜனவரியில் சட்டமன்றம் தண்டனைகளை மேலும் கூட்டியது.

ஆக, சட்டம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. கால் நூற்றாண்டாக இருக்கிறது. பிறகு ஏன் 2018, 2021, 2022?

2008: கல்லூரியையே நாடு கடத்திய கதை

அதற்குமுன் ஒரு நிறுத்தம். 2008 நவம்பர் 12. உயர் நீதிமன்றத்தை ஒட்டியிருந்த டாக்டர் அம்பேத்கர் அரசு சட்டக் கல்லூரியில் மாணவர்கள் ஒருவரையொருவர் கம்பாலும் கத்தியாலும் தாக்கிய காட்சி தொலைக்காட்சியில் திரும்பத் திரும்ப ஓடியது. கேட்டுக்கு வெளியே போலீஸ் நின்று வேடிக்கை பார்த்தது. அதுவும் அதே காட்சியில் பதிவாகியிருந்தது. மரக்கிளையிலிருந்து விழுந்து கிடந்தவரை அடிக்கும் அந்தக் காட்சியை நான் நியாயப்படுத்த மாட்டேன். விழுந்து கிடப்பவனை அடிப்பது எந்த அரசியலிலும் வீரம் ஆகாது.

ஆனால் அந்தச் சில நிமிடக் காட்சிக்கு முன்னால் நடந்ததை எந்தத் தொலைக்காட்சியும் அதே வேகத்தில் காட்டவில்லை. தேவர் ஜெயந்திச் சுவரொட்டியில் கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரின் பெயரை விட்டுவிட்டு அச்சடித்ததில் மூண்ட பகை அது. வகுப்பறையிலும் விடுதியிலும் சாதி அணிகளாகப் பிரிந்து கிடந்த மாணவர்களை வாரக்கணக்கில் நிர்வாகம் பார்த்துக்கொண்டிருந்தது. நாவரசு சட்டம் நிர்வாகத்துக்குச் சொன்ன பாடம், சாதி விஷயத்தில் செல்லுபடியாகவில்லை.

கிடைத்த தீர்வு என்ன? நீதிபதி பி. சண்முகம் ஆணையம் விசாரித்தது. கல்லூரியை இடம் மாற்றச் சொன்னது. பிற்பாடு கட்டடத்தின் நிலையும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. மாணவர்கள் போராடியும், 2018இல் கல்லூரி இரண்டாகப் பிரிந்து திருவள்ளூர்ப் பக்கம் பட்டறைபெரும்புதூருக்கும், நம் பக்கம் கேளம்பாக்கத்தை அடுத்த புதுப்பாக்கத்துக்கும் போனது. காலையில் வகுப்பு, மதியம் எதிரிலேயே உயர் நீதிமன்றம், மாலையில் ஒரு வக்கீலிடம் ஜூனியர் வேலை அல்லது பகுதிநேரக் கூலி என்று நகரத்தின் நடுவே இருந்த வாய்ப்பு, முதல் தலைமுறை மாணவர்களின் கையைவிட்டுப் போனது. சாதியை அகற்றாமல் மாணவரை அகற்றினார்கள். நம் மக்களைக் கரையோரத்திலிருந்து செம்மஞ்சேரிக்கு அனுப்பிய அதே மனநிலைதான் இது. கண்ணுக்கு மறைவாக வைத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்ற மனநிலை.

2018, 2021, 2022: கேட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவே

2018 மார்ச் 9. கே.கே. நகரில் ஒரு கல்லூரி மாணவி, வகுப்பு முடிந்து வெளியே வந்ததும் கல்லூரி அருகிலேயே கத்தியால் குத்திக் கொல்லப்பட்டார்.

2021 செப்டம்பர் 23. தாம்பரம். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த, குரோம்பேட்டையைச் சேர்ந்த இருபது வயது மாணவி, ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பட்டப்பகலில் குத்திக் கொல்லப்பட்டார். தாம்பரத்துக்குத் தனிக் காவல் ஆணையரகம் அமையும் என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது.

2022 அக்டோபர் 13. பரங்கிமலை. தொடக்கத்தில் சொன்ன சம்பவம். அடுத்த சில மணி நேரங்களில் அந்தப் பெண்ணின் தந்தையும் உயிரிழந்தார். 2024 டிசம்பர் இறுதியில் சென்னை மகளிர் நீதிமன்றம் குற்றவாளிக்குத் தூக்குத் தண்டனை விதித்தது.

மூன்றிலும் கொன்றவன் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்த ஆண். மூன்றும் வளாகத்தின் மதிலுக்கு வெளியே நடந்தவை. 2018, 2022 சம்பவங்களில் இன்னொரு ஒற்றுமையும் அப்போதே செய்திகளில் வந்தது. குடும்பம் முன்பே காவல் நிலையத்துக்குப் போயிருந்தது. அந்த ஆளைக் கூப்பிட்டு, எச்சரித்து, எழுதி வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

'எழுதி வாங்கிக்கொண்டு அனுப்புவது' என்பதைச் சமூகப் பணியாளராக நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெண்ணின் அப்பாவைத் தனியே கூப்பிட்டு, "கேஸ் போட்டா பொண்ணு பேரு கெட்டுடும்ங்க, யோசிச்சிக்கங்க" என்பார்கள். பின்தொடர்வது தனிக் குற்றம் என்று 2013இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவு சேர்க்கப்பட்டது. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 78ஆவது பிரிவு. ஆனால் முதல் முறை என்றால் ஜாமீனில் வரக்கூடிய குற்றமாகத்தான் 2013இல் அதை எழுதினார்கள். கடைசியில் அந்தப் பிரிவு ஒரு வெள்ளைத்தாள் மன்னிப்புக் கடிதமாகச் சுருங்கிவிடுகிறது. இப்படி ஒரு முறை வெளியே வந்தவன் கற்றுக்கொள்வது, தன்னைத் தடுக்க யாரும் இல்லை என்பதைத்தான்.

தூக்குத் தண்டனையை நம்மில் சிலர் கொண்டாடினார்கள். கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் தூக்குக் கயிறு கொலைக்குப் பிறகு வருவது. முதல் புகாரில் பதிவாகும் எஃப்.ஐ.ஆர். கொலைக்கு முன்னால் வருவது. எது உயிரைக் காப்பாற்றும் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

2024: உள்ளேயும் நடந்தது

'வெளியே போனால்தான் ஆபத்து, வளாகத்துக்குள் பத்திரம்' என்று சொல்பவர்களுக்கு 2024 டிசம்பர் 23 பதில் சொன்னது. கிண்டி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளேயே, வெளியிலிருந்து வந்த ஒருவன் ஒரு மாணவியைப் பாலியல் வன்கொடுமை செய்தான். அந்த மாணவி துணிந்து புகார் கொடுத்தார். ஆனால் அவருடைய விவரங்களோடு எஃப்.ஐ.ஆர். வெளியே கசிந்தது. உயர் நீதிமன்றம் தலையிட்டு, மூன்று பெண் ஐ.பி.எஸ். அதிகாரிகள் கொண்ட சிறப்புப் புலனாய்வுக் குழுவை அமைத்தது. மாணவிக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உத்தரவிட்டது. 2025 மே 28 அன்று குற்றவாளி எனத் தீர்ப்பு. ஜூன் 2 அன்று குறைந்தது முப்பது ஆண்டுகள் அனுபவிக்க வேண்டிய ஆயுள் தண்டனை.

புகாரிலிருந்து தண்டனை வரை ஆறு மாதத்துக்குள். இதைச் சாத்தியமாக்கியது கேமராவோ காவலாளியோ அல்ல, ஒரு பெண்ணின் வாய் திறந்த புகார். அப்படியிருக்க, இத்தகைய சம்பவத்துக்குப் பிறகு பல கல்லூரிகளில் முதலில் மாறுவது எது? விடுதியின் கேட் மூடும் நேரம். ஆறரை மணி ஆறு மணியாகிறது. மானியக் குழுவே அமைத்த பணிக்குழு 2013இல் தந்த 'சக்ஷம்' அறிக்கை, பாதுகாப்பின் பெயரால் பெண்களின் நடமாட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்று சொன்னது. அதை எத்தனை விடுதிக் காப்பாளர்கள் படித்திருப்பார்கள்?

'வளாகக் கொலை' என்ற கணக்கில் வராதவர்கள்

இப்போது நம்முடைய கேள்விக்கு வருவோம். எதை வளாகக் கொலை என்று எண்ணுகிறார்கள்?

2015 ஜூன். ஓமலூரைச் சேர்ந்த பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ், தன்னோடு கல்லூரியில் படித்த மாற்றுச் சாதிப் பெண்ணோடு திருச்செங்கோடு கோயிலில் பேசிக்கொண்டிருந்ததற்காகக் கடத்தப்பட்டார். மறுநாள் தண்டவாளத்தில் உடல் கிடந்தது. 2022 மார்ச்சில் மதுரை நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. 2023இல் உயர் நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த நட்பு பிறந்த இடம் கல்லூரி. வகுப்பறையில் ஒரே பெஞ்சில் உட்காரலாம், வெளியே கோயில் வாசலில் ஒன்றாக நின்றால் சாவு. இதை எந்தக் கல்லூரிப் பாதுகாப்புக் கமிட்டியும் தன் பிரச்சினையாக எடுத்துக்கொண்டதில்லை.

நம் வீட்டுப் பக்கத்திலேயே, 2024 பிப்ரவரி 24 அன்று பள்ளிக்கரணையில், சாதி மறுத்துத் திருமணம் செய்த தலித் இளைஞர் மனைவியின் அண்ணனால் வெட்டிக் கொல்லப்பட்டார். சில வாரங்களில் அந்தப் பெண்ணும் தன்னை மாய்த்துக்கொண்டார். 2025 ஜூலையில் நெல்லையில் கவின் கொல்லப்பட்டார். கோகுல்ராஜுக்குப் பத்தாண்டு கழித்து, 2025 அக்டோபரில்தான் ஆணவக் கொலைக்கு எதிரான தனிச் சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வு பெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. நாவரசுவுக்கு ஆறு வாரத்தில் சட்டம். கோகுல்ராஜுக்குப் பத்தாண்டு கழித்து ஆணையம். அதை நினைவில் வைத்துக்கொள்ளச் சொன்னது இதற்காகத்தான்.

2024 அக்டோபரில் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் மாநிலக் கல்லூரி மாணவர் ஒருவர் வேறு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு, சில நாட்களில் இறந்தார். செய்தி 'ரூட்டு தல மோதல்' என்று முடிந்துவிட்டது. தினமும் நீண்ட தூரம் ரயிலில் வரும், பெரும்பாலும் முதல் தலைமுறைப் பையன்கள் இவர்கள். கல்லூரிக்குள் எந்த மரியாதையும் கிடைக்காத பையனுக்கு, ரயில் பெட்டியில் ஒரு பட்டம் கிடைக்கிறது. அந்தப் பட்டத்துக்காக இன்னொரு ஏழைப் பையனை அடிக்கிறான். அவனை ரவுடி என்று எழுதுவது எளிது. கொல்லப்பட்டதும் ஒரு மாணவன்தான், அவன் வீட்டிலும் ஒரு ஆயா இருந்திருப்பாள் என்று எழுத ஆளில்லை. நம் பையன்கள் இதில் இருக்கிறார்கள். அடிப்பவர்களிலும் இருக்கிறார்கள். அதைப் பேசாமல் நமக்கு அரசியல் இல்லை.

கத்தியே இல்லாமல் நடப்பவையும் உண்டு. டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதிகளில் ஒதுக்கப்பட்டு ஒரே பகுதிக்குத் தள்ளப்பட்டதை 2007இல் தோரட் குழு எழுதியது. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா இறந்தார். அதே ஆண்டுதான் மானியக் குழு, ராகிங் என்பதன் வரையறையில் சாதி, மதம், இனம் சார்ந்த வதையையும் ஒதுக்கலையும் சேர்த்தது. நாவரசு இறந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அந்த வரையறைக்கு நம் வலி கண்ணில் பட்டது.

வளாகம் எங்கே முடிகிறது?

இது சட்டம் படிக்கும் தோழர்களுக்கான பகுதி. மற்றவர்களும் பொறுமையாகப் படியுங்கள்.

2009இன் ராகிங் விதிமுறை, மாணவர் ஏறும் பொதுப் பேருந்தையும் ரயிலையும் தன் எல்லைக்குள் வைத்திருக்கிறது. ஆனால் பாலியல் துன்புறுத்தல் குறித்த 2015 மானியக் குழு விதிமுறையில் 'வளாகம்' என்பது, கல்வி நிலையம், மாணவராகச் சென்று வரும் இடங்கள், வந்துபோக ஏற்பாடு செய்யப்பட்ட போக்குவரத்து ஆகியவற்றோடு நிற்கிறது.

இதன் பொருள் என்ன? தனியார் பொறியியல் கல்லூரியின் மஞ்சள் பேருந்தில் வரும் மாணவி, வீட்டு வாசலில் ஏறிய நொடியிலிருந்து வளாகத்துக்குள் இருக்கிறாள். அவளுக்கு ஏதாவது நேர்ந்தால் கல்லூரியின் உள் புகார்க் குழுவைக் கேட்கலாம். அரசுக் கல்லூரிக்கு 21ஜி-யில் தொங்கிக்கொண்டு வரும் மாணவியோ கேட்டைத் தாண்டும்வரை யாருடைய மாணவியும் அல்ல. கட்டணம் கட்ட முடிந்தவர்களோடு வளாகம் தெரு வரை வருகிறது. முடியாதவர்களுக்கு அது கேட்டிலேயே நின்றுவிடுகிறது. அந்தக் கேட்டுக்கு வெளியே நிற்பவர்கள் எந்தச் சாதி, எந்த வர்க்கம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

2012 ஜூலை 25, இதே தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், பள்ளிப் பேருந்தின் தரையிலிருந்த ஓட்டை வழியே ஒரு சிறுமி விழுந்து இறந்தாள். அந்த ஆண்டே பள்ளி வாகனங்களுக்குத் தனி விதிகள் வந்தன. பாதையும் கல்வி நிலையத்தின் பொறுப்பே என்று அன்று அரசு ஒப்புக்கொண்டது. அதே தர்க்கத்தைப் பேருந்து நிறுத்தத்துக்கும் ரயில் நிலையத்துக்கும் நீட்டச் சொல்கிறோம். வேறொன்றும் புதிதாகக் கேட்கவில்லை.

நாம் செய்ய வேண்டியது

பெரிய திட்டம் எதுவும் என்னிடம் இல்லை. களத்தில் கற்றுக்கொண்ட சிலவற்றை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் கல்லூரியின் உள் புகார்க் குழுவில் யார் யார் என்று கேளுங்கள். மாணவர் தொடர்பான புகார் என்றால், தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் பிரதிநிதிகள் மூன்று பேர் அதில் இருக்க வேண்டும் என்பது 2015 விதி. பெரும்பாலும் அறிவிப்புப் பலகையில் காலாவதியான ஒரு பட்டியல்தான் ஒட்டியிருக்கும். எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். எஸ்.சி./எஸ்.டி. பிரிவு, சம வாய்ப்பு மையம் ஆகியவற்றையும் இப்படியே கேளுங்கள்.

ஒரு தோழி பின்தொடரப்படுகிறாள் என்றால், காவல் நிலையத்துக்குத் தனியாக அனுப்பாதீர்கள். மூன்று பேராகப் போங்கள். 'எழுதி வாங்கிக்கொள்கிறோம்' என்றால், "புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது கொடுங்க, எஃப்.ஐ.ஆர். போடுங்க" என்று சொல்லுங்கள். 'எங்கள் எல்லை இல்லை, ரயில்வே போலீசிடம் போங்கள்' என்று விரட்டினால், எந்த நிலையத்திலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர். பதியலாம் என்பதைச் சொல்லுங்கள். சாதி சொல்லித் திட்டியதோ மிரட்டியதோ இருந்தால், அதைப் புகாரின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள். பின்னால் சேர்ப்பது கடினம்.

எண்களை ஃபோனில் பதிந்து வையுங்கள். பெண்களுக்கான உதவி 181. ரயிலில் 139. ராகிங் 1800-180-5522. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட உதவி 14566.

ஆண் தோழர்களுக்கு ஒன்று. 'நோ' சொன்ன பெண்ணைப் பின்தொடரும் நண்பனுக்கு நீங்கள் பைக் ஓட்டியிருக்கிறீர்களா? அவள் கிளம்பும் நேரத்தைச் சொல்லியிருக்கிறீர்களா? அப்படியென்றால் அந்தக் கத்தியில் உங்கள் கையும் இருக்கிறது. அம்பேத்கர் படத்தைச் சட்டையில் குத்திக்கொண்டால் மட்டும் அது கழுவப்படாது.

கடைசியாக, பெரும்பாக்கத்துப் பெண். அவள் கல்லூரிக்குத் திரும்பவில்லை. நாங்கள் பேசிப் பார்த்தோம், வீட்டில் ஒப்பவில்லை. ஒரு செமஸ்டர் போனது, பிறகு படிப்பே போனது. இப்போது பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு அலுவலகக் கட்டடத்தில் ஹவுஸ்கீப்பிங் வேலை. இரண்டாவது ஷிஃப்ட் முடிந்து, இரவு பத்து மணிக்கு மேல் வெளிச்சமில்லாத நிறுத்தத்தில் பேருந்துக்குத் தனியாக நிற்கிறாள். படிக்கப் போனபோது அவள் உயிருக்குப் பயந்த யாருக்கும், அவள் துடைப்பம் பிடிக்கப் போகும்போது பயம் வருவதில்லை. சம்பளம் வீட்டுக்கு வேண்டியிருக்கிறது.

போன மாதம் அந்த நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். "இன்னும் வகுப்பு நடக்குதாக்கா?" என்று கேட்டாள். நடக்கிறது என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றிருக்கிறாள்.

அந்த நிறுத்தத்துக்கு விளக்குப் போடச் சொல்லி மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாக்கம், செம்மஞ்சேரித் தோழர்கள் கையெழுத்திட வாருங்கள்.

ஜெய்பீம்.